ஒரு நிமிடத்துக்கு முன்னால்

ஐஸ் ஹாக்கிப் புள்ளிவிவரத் தளங்களில் லாரி குவாங் என்று தேடினால், என்.ஹெச்.எல். பகுதியில் ஒரே ஒரு வரி வரும். 1947-48, நியூயார்க் ரேஞ்சர்ஸ், ஆட்டம் 1, கோல் 0, அசிஸ்ட் 0. தினமும் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவன் இதைப் பார்த்தால், யாரோ டெஸ்ட் டேட்டாவை அழிக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைப்பான். ஆனால் அந்த வரி நிஜம். 1948 மார்ச் 13 இரவு, மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில், மூன்றாவது பீரியடில் சுமார் ஒரு நிமிடம் அவர் பனித்தரையில் இருந்தார். அந்த லீக்கில் ஆடிய முதல் சீன வம்சாவளி வீரர். அதற்கப்புறம் அவரை யாரும் கூப்பிடவில்லை.

அந்த நிமிடத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதற்கு முந்தைய இருபத்து நாலு வருஷம்தான் முக்கியமாகப் படுகிறது.

குவாங் பிறந்தது 1923 ஜூனில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வெர்னன் என்ற சின்ன ஊரில். அதுவரை நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு சீனரிடமும் 500 டாலர் தலைவரி வாங்கிக்கொண்டிருந்த கனடா, அவர் பிறந்த இரண்டே வாரத்தில், ஜூலை 1 அன்று, வாசலையே கிட்டத்தட்ட முழுதாக மூடிவிட்டது. குடும்பப் பெயர் உண்மையில் எங். அப்பாவின் மளிகைக் கடைக்குக் குவாங் ஹிங் லுங் என்று பெயர். ஊர்க்காரர்கள் அதையே ஆளின் பெயராக்கிவிட்டார்கள். பதினைந்து பிள்ளைகளில் இவர் பதினாலாவது. ஐந்து வயதில் அப்பா போய்விட்டார். வளர்ந்தாலும் போடட்டும் என்று அம்மா வாங்கித் தந்த, அளவு பெரிய ஸ்கேட்டிங் ஷூவோடுதான் ஆட்டம் ஆரம்பித்தது. சனிக்கிழமை இரவானால் ரேடியோவில் ஃபாஸ்டர் ஹெவிட்டின் வர்ணனை.

பதினெட்டு வயதில் டிரெயில் ஸ்மோக் ஈட்டர்ஸ் அணியில் இடம் கிடைத்தது. சாதாரண அணி இல்லை. 1939இல் கனடாவின் சார்பில் போய் உலக சாம்பியன் ஆனவர்கள். டிரெயில் ஓர் உலோக உருக்காலை ஊர். அணியில் சேர்ந்தால் ஆலையில் வேலை கிடைக்கும், வீரர்களுக்கு அதுதான் சம்பளம் மாதிரி. சக ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தது. குவாங்குக்கு, சீனர் என்பதால், கிடைக்கவில்லை. அவர் ஒரு ஹோட்டலில் பெட்டி தூக்கும் பையனாக வேலை பார்த்தார். சாயங்காலம் ஊரே இவர் கோலுக்குக் கைதட்டும். காலையில் ஊருக்கு வந்தவர்களின் சூட்கேஸைத் தூக்க வேண்டும்.

1944இல் ராணுவம் அழைத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சீனர்களுக்கு அப்போது ஓட்டு கிடையாது. கட்டாய ராணுவ சேவை மட்டும் உண்டு. (ஓட்டு 1947இல்தான் வந்தது.) ஆல்பர்ட்டாவின் ரெட் டீர் முகாமில் ராணுவ அணிக்காக ஆடினார். போர் முடிந்ததும் மறுபடி டிரெயில். அங்கே ஆடியதைக் கவனித்த ரேஞ்சர்ஸின் லெஸ்டர் பாட்ரிக், 1946இல் நியூயார்க்குக்குக் கூட்டிப்போய் தங்கள் பண்ணை அணியான ரோவர்ஸில் சேர்த்தார். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆட்டம். நியூயார்க் சைனாடவுன்காரர்கள் அங்கேயே வந்து அவருக்கு மரியாதை செய்தார்கள். பத்திரிகைகள் 'கிங் குவாங்', 'சைனா கிளிப்பர்' என்று பட்டம் கொடுத்தன. 1947-48 சீசனில் 65 ஆட்டங்களில் 86 புள்ளிகள். ரோவர்ஸில் அவர்தான் முதலிடம்.

அந்த சீசனின் கடைசிக் கட்டத்தில்தான் ரேஞ்சர்ஸ் கூப்பிட்டது. எதிரணி மாண்ட்ரியல் கனேடியன்ஸ். முதல் பீரியட் பெஞ்சில். இரண்டாவது பீரியட் பெஞ்சில். மூன்றாவதில் அந்த ஒரு நிமிடம். ரேஞ்சர்ஸ் 3-2 என்று தோற்றது.

இதை நிறவெறி என்று சட்டென முடித்துவிட எனக்குத் தயக்கம் உண்டு. அன்றைக்கு லீக்கில் மொத்தமே ஆறு அணிகள். எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் ஒரு நிமிடம்கூட ஆடாமல் பண்ணை அணிகளிலேயே காலம் கழித்தார்கள். ரேஞ்சர்ஸ் ப்ளே-ஆஃப் இடத்துக்குப் போராடிக்கொண்டிருந்தது. குவாங்கும் உயரம் குறைவு, ஐந்தடி ஆறு அங்குலம். கோச் தெரிந்த முகங்களை நம்பினார் என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் உருக்காலையிலும் இப்படி ஏதாவது காரணம் சொல்லியிருப்பார்கள்தானே? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் கிடைக்கும். எல்லா விளக்கமும் ஒரே ஆள் மேலேயே வந்து விழுவதற்கு மட்டும் கிடைக்காது. தனக்கு உண்மையான ஒரு வாய்ப்பு தரப்படவில்லை என்றுதான் அவரும் பிற்காலத்தில் சொன்னார்.

சீசன் முடிந்ததும் அவர் ரேஞ்சர்ஸிலிருந்து கிளம்பிவிட்டார். கியூபெக்கின் வேலிஃபீல்ட் பிரேவ்ஸ் அதிக சம்பளம் தர முன்வந்திருந்தது. அங்கே அவருக்குக் கோச்சாக வாய்த்தவர் டோ பிளேக். கனேடியன்ஸின் கேப்டனாக இருந்தவர்; 1948 ஜனவரியில் கால் உடைந்து ஓய்வு பெறாமல் இருந்திருந்தால், அந்த மார்ச் இரவு எதிர்ப்பக்கம் நின்றிருப்பார். பின்னாளில் கோச்சாக எட்டு ஸ்டான்லி கோப்பைகள் வென்றவர். 1951இல், பிளேக்கின் அணியில் ஆடிக்கொண்டிருந்த குவாங்குக்கு, கியூபெக் சீனியர் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது கிடைத்தது.