நட்டதும் நிலைத்ததும்: அலையாத்திக் காடுகளும் மதிப்பீட்டுப் பணியின் வரலாறும்

செடெனாக் வட்டாரத்தில் வாழ்ந்த தோட்டத் தமிழருக்குக் கணக்கு என்பது நெடுங்காலம் இரண்டு ஏடுகளில் அடங்கியிருந்தது. ஒன்று ஆள்வரவைக் குறித்த செக்ரோல். மற்றொன்று பால் நிறுவை ஏடு. இரப்பர் நின்ற நிலத்தில் பின்னர்ச் செம்பனை வந்தது. இன்று அந்நிலத்தின் ஒரு பகுதியில் செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா எழுந்து, தரவு மையங்கள் இயங்குகின்றன. பால் நிறுத்த ஊர் தரவைச் சேமிக்கும் ஊராகியுள்ள இவ்வேளையில், தரவைக் கொண்டு ஒரு பணியை எடைபோடும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதை ஆராய்தல் பொருத்தமுடையது. பன்னாட்டு நிதியில் நடைபெறும் சுற்றுச்சூழல் திட்டங்களின் மதிப்பீட்டாளர் செய்யும் பணியே இவ்வுரையின் பொருள். அதற்குத் தக்க சான்றாக, தமிழர் வாழும் கடற்கரைகளின் அலையாத்திக் காடுகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சொல்லை நோக்குவோம். ‘தா’ என்னும் வினையின் வழிப் பிறந்தது ‘தரவு’. யாப்பிலக்கணத்தில் அது கலிப்பாவின் முதலுறுப்பு. புள்ளிவிவரத்தைக் குறிக்க இன்று நாம் அச்சொல்லை ஆள்கிறோம். ஐரோப்பிய மொழிகள் இதே பொருளில் வழங்கும் இலத்தீன் சொல்லுக்கும் ‘கொடுக்கப்பட்டது’ என்பதே பொருள். இரு மொழிகளும் ஓர் உண்மையைச் சொல்லுக்குள் வைத்திருக்கின்றன. தரவு தானே முளைப்பதன்று. யாரோ ஒருவர் தந்தது. ஆகவே, தந்தவர் யார், எதற்காகத் தந்தார், எதைத் தராமல் விட்டார் என்னும் மூன்று வினாக்களும் மதிப்பீட்டாளர்க்கு முதற்கடமையாகின்றன.

பொதுப்பணிக்குக் கணக்குக் கேட்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்பிற்கு வரத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஏரியைக் காப்பவர் ஏரிக்கணக்கையும் காட்ட வேண்டும் என்று ஓர் ஊர்ச்சபை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே வரையறுத்திருந்தது.

பன்னாட்டு நிறுவனங்கள் இந்நெறிக்கு வந்து சேரக் காலம் பிடித்தது. உலக வங்கி 1970களில்தான் தன் திட்டங்களை மதிப்பிடத் தனித்துறை அமைத்தது. உலகச் சுற்றுச்சூழல் நிதியம் 1991இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கி 1994இல் மறுசீரமைக்கப்பட்டது. வளர்ச்சித் திட்டங்களைப் பொருத்தம், பயனுறுதி, சிக்கனத்திறன், தாக்கம், நிலைபேறு என்னும் ஐந்து அளவுகோல்களால் நோக்கும் முறை 1991இல் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனத்தின் கொடையாளர் குழுவில் உருப்பெற்றது. 2019இல் இயைபு என்னும் ஆறாவது சேர்க்கப்பட்டது.

இவ்வரலாற்றில் இந்தியாவுக்குத் தனியிடம் உண்டு. நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985இல் கடன் வழங்கியது. இடம்பெயர்க்கப்படும் மக்களின் எதிர்ப்பு வலுத்தபின், பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையில் ஒரு தற்சார்புக் குழுவை வங்கி அமர்த்தியது. 1992இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை திட்டத்தைக் கடுமையாகக் குறைகூறியது. இடம்பெயர்வோர் எத்தனை பேர், அணையால் நேரும் சூழல் மாற்றங்கள் யாவை என்னும் அடிப்படைக் கணக்குகள் போதிய அளவு எடுக்கப்படாமலேயே பணி தொடங்கப்பட்டிருந்தது. 1993இல் எஞ்சிய கடனை வேண்டாவென இந்தியா விலக்கிக்கொண்டது. பாதிக்கப்பட்ட மக்கள் நேரடியாக முறையிடத்தக்க ஆய்வுக்குழுவை வங்கி அதே ஆண்டில் நிறுவியது. தொடக்கநிலையை அளக்காமல் தொடங்கிய திட்டத்தின் முடிவை யாராலும் அளக்க இயலாது என்பது அங்குக் கற்ற பாடம்.

தொடக்கநிலையை அளப்பதோடு, கெட்டதற்குக் காரணம் எதுவென அறிவதும் மதிப்பீட்டின் பகுதியே. சிதம்பரத்துக்கு அண்மையில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் அமைந்த பிச்சாவரம் இதனை விளக்கும். அங்குச் சுரபுன்னையும் வெண்கண்டலும் செழித்த காட்டின் உட்பகுதிகள் வெறுநிலமாகிக் கிடந்தன. விறகு வெட்டுவோரும் ஆடுமாடு மேய்ப்போருமாகிய ஊர்மக்களே காரணம் என்பது பொதுவான எண்ணம். 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், தமிழ்நாடு வனத்துறையோடும் ஊர்மக்களோடும் இணைந்து, மண்ணையும் நீரோட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து ஆராய்ந்தது. இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியம் அப்பணிக்கு உதவியது.

ஆய்வு வேறொரு காரணத்தைச் சுட்டியது. முற்காலத்தில் வனத்துறையே காட்டைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டும் முறையைக் கையாண்டிருந்தது. நிழலிழந்த மண் வெயிலில் உலர்ந்து அமிழ்ந்து குழியானது. ஓதநீர் குழிக்குள் வந்து வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று, உவர்ப்பு ஏறியது, புதிய கன்று எதுவும் பிழைக்கவில்லை. காரணம் தெரிந்தபின் மருந்தும் தெரிந்தது. மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்து திரும்ப வழி செய்தனர். அதன்பின் கன்றுகளை நட்டனர். வெறுநிலம் பசுமை பெற்றதைச் செயற்கைக்கோள் படங்களும் காட்டின. அளவை இல்லாதிருந்தால் வேலி போட்டு ஊர்மக்களை விலக்கியிருப்பர், குற்றமற்றவர் வாழ்வை இழந்திருப்பர், காடும் மீண்டிராது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இக்காடுகளின்பால் உலகின் பார்வையைத் திருப்பியது. அலையாத்தி, பெயருக்கேற்ப அலையை ஆற்றியதா என்னும் வினா எழுந்தது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் உடன் ஆய்ந்த இராஜேந்திரனும் 18 கடலோரக் குடியிருப்புகளின் தரவைத் திரட்டினர். தாவரப் பரப்பு மிக்க இடத்தில் உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைந்திருந்தன என்று 2005இல் எழுதினர். அதே ஆண்டில் டேனியல்சன் குழுவினர் கடலூர் மாவட்டத்தை ஆராய்ந்து, அடர்ந்த மரங்களின் பின்னிருந்த பகுதிகளில் சேதம் குறைவு என்று ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர்.

மறு ஆண்டே கெர், பேர்ட், கேம்பல் ஆகிய மூவர் முதலாவது ஆய்வின் தரவையே மீண்டும் கணக்கிட்டனர். காட்டின் பின்னால் இருந்த குடியிருப்புகள் கடலிலிருந்து தொலைவிலும் மேட்டிலும் அமைந்திருந்தன. தொலைவையும் உயரத்தையும் சமமாக வைத்து நோக்கினால், தாவரப் பரப்பால் உயிரிழப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு. மறுமொழியும் மேல்விவாதமும் தொடர்ந்தன. இங்கு எவரும் பொய்யுரைக்கவில்லை. எண்கள் ஒன்றே; எண்களிடம் கேட்கப்பட்ட வினா வேறு. ‘காடு இருந்த ஊரில் இறப்புக் குறைவா?’ என்பது ஒரு வினா. ‘மற்றவை ஒத்திருக்க, காடு இல்லாதிருந்தால் இறப்பு எவ்வளவாகியிருக்கும்?’ என்பது மற்றொன்று. மதிப்பீட்டாளரின் வினா பின்னதே.

அவ்வினாவிற்குச் செம்மையான விடை தேடியவர்கள் சௌதாமினி தாசும் ஜெஃப்ரி வின்சென்ட்டும். 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் கேந்திரபாடா மாவட்டத்தின் நானூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் நேர்ந்த உயிரிழப்பை அவர்கள் ஆராய்ந்தனர். கடல்தொலைவு உள்ளிட்ட பிற காரணிகளையும், பழங்காலத்தில் அலையாத்தி பரவியிருந்த எல்லையையும் கணக்கில் சேர்த்தனர். அவ்வாறு சேர்த்தபின்னும், அகன்ற காட்டின் பின்னிருந்த ஊர்களில் இறப்புக் குறைவாகவே இருந்தது. 2009இல் வெளியான இவ்வாய்வு புயலைப் பற்றியது, ஆழிப்பேரலையைப் பற்றியதன்று. ஒன்றின் விடையை மற்றொன்றிற்கு ஏற்றிச் சொல்லல் கூடாது. காடு காக்கும் என்று நம்பி வீட்டைக் கரையோரம் கட்டிக்கொள்வோர் உயிர் இவ்வேறுபாட்டில் தங்கியிருக்கிறது.

இதற்கிடையில் நடவுப்பணிக்குப் பெரும்பொருள் வந்து குவிந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் 2006இல் ‘எதிர்காலத்திற்கான அலையாத்திகள்’ என்னும் முயற்சியைத் தொடங்கின. அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் கரையெங்கும் கன்று நட்டன. இலங்கையில் அவ்வாறு நடப்பட்ட இடங்களைக் கொடிக்கார குழுவினர் நேரில் சென்று பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் பார்த்த 23 திட்ட இடங்களுள் 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்த இடங்கள் கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்று மட்டுமே. நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் 200 முதல் 220 ஹெக்டேரே காடாயிற்று. நட்ட இடமும் இனமும் பொருந்தாமை, நட்டபின் பராமரிப்பின்மை, கால்நடை மேய்ச்சல் ஆகியவை முதன்மைக் காரணங்கள்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் நடவுகளை 2008இல் ஆராய்ந்த பிரிமாவெராவும் எஸ்டெபானும் 10 முதல் 20 விழுக்காடே பிழைத்ததெனக் கண்டனர். அதற்கு அவர்கள் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. அலையாத்தி இயல்பாக வளரும் மேட்டுச் சேற்றுநிலங்கள் மீன்பண்ணைகளாக மாறி உரிமையாளர் கைக்குச் சென்றுவிட்டன. வழக்கின்றிக் கிடைத்தது தாழ்ந்த கடற்சேறு மட்டுமே. அங்கு எளிதாக நடலாம். ஆனால் நீரில் மூழ்கிய கன்று மூச்சுவிடாது. நட்ட எண்ணிக்கையைக் கேட்கும் திட்டத்திற்கு அதுவே போதுமானதாயிற்று.

தோட்டத்தில் வாழ்ந்தவர்க்கு இது விளங்காத செய்தியன்று. மறுநடவு செய்த நிரையில் எத்தனை கன்று வைத்தோம் என்பதோடு எவரும் நிறுத்துவதில்லை. பட்டுப்போன இடங்களை எண்ணி, அவ்விடங்களில் மீண்டும் நடுவர். தமிழ்மொழியும் இவ்வேறுபாட்டை அறியும். கன்று நட்டோம் என்பது நம் செயல். கன்று பிடித்தது என்பது கன்றின் செயல். முன்னது ஒரு நாளில் முடியும். பின்னதற்குப் பருவங்கள் வேண்டும். திட்டங்களோ பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் முடிகின்றன. இறுதி அறிக்கை அப்போதே எழுதப்படுகிறது. ஆகவே அறிக்கையில் நட்டது நிற்கிறது. பிடித்ததைப் பார்க்க யாரும் எஞ்சுவதில்லை.

கலைச்சொல் ஆக்கத்திலும் இக்குழப்பம் நுழைந்துள்ளது. திட்டம் கையால் செய்து முடித்ததையும், அதனால் உலகில் நேர்ந்ததையும் ஒருசேர ‘வெளியீடு’ என்றோ ‘விளைவு’ என்றோ எழுதும் வழக்கம் உண்டு. முன்னதைச் ‘செய்பொருள்’ என்றும் பின்னதை ‘விளைபயன்’ என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் கருத்து. ‘விளை’ என்னும் அடி பயிரோடு உறவுடையது. விதைத்தவுடன் விளைந்தது என எந்த உழவரும் சொல்லார். சொல் பிரிந்தால் கணக்கும் பிரியும். கணக்குப் பிரிந்தால் கேள்வியும் கூர்மை பெறும்.

ஜொகூருக்கும் இது தொலைவான செய்தியன்று. பொந்தியான் கரையோரத்துப் புலாவ் கூக்கூப், தஞ்சோங் பியாய், சுங்கை பூலாய் ஆகிய மூன்று அலையாத்திப் பகுதிகளும் 2003இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றன. பேராக்கில் உள்ள மாத்தாங் காடு 1902 முதல் திட்டமிட்டு மேலாளப்பட்டு வருகிறது. அங்கு வெட்டிய பகுதி மீண்டும் வளர்ந்ததா என்பதைப் பத்தாண்டுகள் கடந்தும் பார்க்க ஆட்களும் ஏடுகளும் தொடர்ந்து இருந்துள்ளனர். அத்தொடர்ச்சியே மதிப்பீட்டின் உயிர்.

மொழிக்கழகம் ஒன்று இதில் செய்யத்தக்கது யாது? பிச்சாவரத்து மீனவரும் கற்பிட்டிக் கரையினரும் தம் வீட்டு இழப்பையும் வலைப்பாட்டையும் கேட்டவர்க்கெல்லாம் சொன்னார்கள். அவர்கள் தந்ததே தரவாயிற்று. அதிலிருந்து எழுந்த ஆய்வுரைகளோ பெரும்பாலும் அவர்கள் படிக்க இயலாத மொழியில் உள்ளன. தமிழில் ஒவ்வோர் அறிக்கைக்கும் ஒரு சுருக்கமேனும் எழுதி, தந்தவர் முன் படித்துக் காட்டும் வழக்கம் வேண்டும். ‘எங்கள் ஊரில் அந்தக் கன்றுகள் இப்போது இல்லையே’ என்று ஒருவர் எழுந்து சொல்ல அங்கு இடமிருக்கும். அச்சொல்லையும் தரவாக ஏற்று, கணக்கைத் திருத்தி எழுதும்போதுதான் மதிப்பீடு நிறைவுறும்.