பொம்மை முதல் வார்டு வரை: நர்சிங் மாணவர்கள் ஊசி போடக் கற்றுக்கொள்வது எப்படி?

பெரிய ஆஸ்பத்திரிகளின் வார்டில், யூனிஃபார்ம் போட்ட நர்சிங் மாணவ, மாணவிகள் டியூட்டருடன் கூட்டமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் நம் கையைப் பிடித்து பல்ஸ் பார்க்கும்போது, "இவங்க இப்பதான் கத்துக்கிறாங்களா, அதுவும் நம்ம மேலயா?" என்று ஒரு சின்ன பயம் வரும். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் நர்சிங் கல்வியில் எதை, எந்த வரிசையில், யார் முன்னிலையில் கற்றுத்தர வேண்டும் என்பதற்குத் தெளிவான கொள்கைகள் இருக்கின்றன. அவை என்ன?

எப்போது தொடங்கியது?

செவிலியர் வேலைக்கு முறையான பயிற்சி வேண்டும் என்பதை நிலைநாட்டியவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவரது பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு 1946ல் டெல்லியிலும் நம்ம ஊர் வேலூர் சி.எம்.சி.யிலும் ஆரம்பமானது. இன்று இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் 2021ல் திருத்திய பாடத்திட்டப்படி 8 செமஸ்டர்கள், கிரெடிட் முறை.

மூன்றும் சேர்ந்தால்தான் பாடம்

கற்றல் என்பதை அறிவு, கைத்திறன், மனப்பான்மை என மூன்றாகப் பிரிப்பது கல்வித்துறையில் பழைய வழக்கம். நர்சிங்கில் இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சிக்கல்.

இடுப்பில் போடும் ஊசியையே எடுத்துக்கொள்வோம். பிட்டத்துக்கு அடியில் காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது என்று தெரிந்திருப்பது அறிவு. அந்த நரம்பில் படாத இடத்தைத் தொட்டுக் கண்டுபிடித்து, சரியான கோணத்தில் ஊசியை இறக்குவது கைத்திறன். திரையை இழுத்துவிட்டு, "கொஞ்சம் வலிக்கும்மா, காலைத் தளர்வா வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போடுவது மனப்பான்மை.

இடம் தப்பி ஊசி நரம்பில் பட்டால், பாதத்தைத் தூக்க முடியாத நிலைகூட வரலாம். எழுத்துத் தேர்வில் 90 மார்க் வாங்கியவர் என்பதால் மட்டும் இதைத் தடுத்துவிட முடியாது.

முதல் நோயாளி ஒரு பொம்மை

உயிருள்ள உடம்பைத் தொடும் முன் பொம்மையில் பழக வேண்டும் என்பது நூறு வருடத்துக்கும் மேலான யோசனை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனையில் 1911ல் 'மிசஸ் சேஸ்' என்ற ஆள் உயரப் பொம்மை நர்சிங் பயிற்சிக்கு வந்தது. 1960ல் நார்வேயைச் சேர்ந்த லெயர்டால் நிறுவனம் 'ரெசஸி ஆன்' என்ற பொம்மையை அறிமுகப்படுத்தியது. நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தி இயக்கும் சி.பி.ஆர். பயிற்சிக்கு அது உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

சி.பி.ஆரில் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். புத்தகத்தில் இது ஒரு வரி. அந்த ஆழம் எவ்வளவு என்பது கைக்குத் தெரிய, பொம்மையில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சொல்லித் தருவதிலும் 4 படி

ஸ்கில் லேபில் டியூட்டர் ஒருமுறை செய்துகாட்டிவிட்டு "பார்த்தாச்சுல்ல, செய்" என்றால் போதாது. அறுவை சிகிச்சை மருத்துவர் ரோட்னி பெய்டன் வகுத்த நான்கு படி முறை, மருத்துவம், நர்சிங் இரண்டிலும் பிரபலம்.

1. ஆசிரியர் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்துகாட்டுவார்.
2. அதையே மெதுவாக, ஒவ்வொரு படியையும் விளக்கிச் செய்வார்.
3. மாணவர் படிப்படியாகச் சொல்ல, ஆசிரியர் அதன்படி செய்வார்.
4. மாணவர் தானே சொல்லிக்கொண்டே செய்வார்.

இதில் முக்கியமானது மூன்றாவது படி. மாணவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும், ஊசி இன்னும் ஆசிரியர் கையில் இருக்கும்போதே!

தெரியும் என்பது வேறு, செய்வது வேறு

1990ல் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் இதை ஒரு பிரமிடாக விளக்கினார். அடியில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படி என்று தெரியும்', அதற்கும் மேல் 'செய்து காட்ட முடியும்', உச்சியில் 'வேலையில் நிஜமாகவே செய்கிறார்'.

எழுத்துத் தேர்வு கீழ் இரண்டு படிகளைத்தான் அளக்கும். மூன்றாவது படிக்காக இருப்பது 'ஆஸ்கி' எனப்படும் செய்முறைத் தேர்வு. மருத்துவ மாணவர்களுக்காக ரொனால்ட் ஹார்டன் 1975ல் அறிமுகப்படுத்திய இது பிறகு நர்சிங்குக்கும் வந்தது. மாணவர் மேஜை மேஜையாகச் செல்வார். ஒன்றில் பிபி பார்க்க வேண்டும், இன்னொன்றில் மருந்து அளவைக் கணக்கிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே மதிப்பெண் பட்டியல். "அந்தப் பொண்ணு நல்லாப் பேசும்" என்று மார்க் போட இதில் இடம் குறைவு.

வார்டில் என்ன நடக்கும்?

அமெரிக்க நர்சிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984ல் வெளியிட்ட நூலில், ஒரு செவிலியர் கற்றுக்குட்டியாகத் தொடங்கி ஐந்து கட்டங்களைக் கடந்து கைதேர்ந்தவர் ஆகிறார் என்றார். புதியவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அனுபவசாலி நோயாளியின் முகத்தைப் பார்த்தே "ஏதோ சரியில்லை" என்று உணர்ந்துவிடுவார்.

இந்தத் தூரத்தைக் கடக்க வகுப்பறை மட்டும் போதாது. அதனால்தான் கிளினிக்கல் போஸ்டிங். வார்டுக்குப் போகும் முன் இன்று யாருக்கு என்ன பராமரிப்பு என்று பேசுவார்கள். முடிந்த பிறகு எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று மறுபடி உட்கார்ந்து பேசுவார்கள். இந்த இரண்டாவது பேச்சு இல்லாவிட்டால் போஸ்டிங் என்பது வெறும் கைவேலையாக முடிந்துவிடும். 10 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று நர்சிங் கவுன்சில் விதி வைத்திருப்பதும் அருகில் நின்று கவனிக்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான்.

திட்டினால் என்ன ஆகும்?

நோயாளி முன்னால் மாணவியைத் திட்டினால், அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் அவர் கேட்க மாட்டார். கேட்காமல் விட்ட அந்தச் சந்தேகம் மருந்தின் அளவைப் பற்றியதாக இருந்தால், விலை கொடுப்பது நோயாளி. தவறைத் தனியாக அழைத்து, உடனே, எந்தப் படியில் நடந்தது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்பது அதனால்தான் நர்சிங் கல்வியின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. இது மாணவியின் மனசு நோகாமல் இருக்க மட்டுமல்ல, நோயாளியின் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

* மருந்து தரும் முன் உங்கள் பெயரைத் திரும்பக் கேட்டால் எரிச்சல்பட வேண்டாம். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் சரிபார்க்கத்தான் கற்றுத்தருகிறார்கள்.
* "நீங்க ஸ்டூடண்ட்டா? கூட யாராவது இருக்காங்களா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.
* தயக்கமாக இருந்தால், ஸ்டாஃப் நர்ஸ் செய்யட்டும் என்று மரியாதையாகச் சொல்லலாம்.
* பல்ஸ், காய்ச்சல், பிபி பார்க்க அனுமதித்தால் அது பெரிய உதவி. எந்தப் பொம்மையும் "சிஸ்டர், வலிக்குது" என்று நிஜமாகச் சொல்வதில்லை. அதைக் கேட்கப் பழகுவதற்குத்தான் அவர்கள் வார்டுக்கு வருகிறார்கள்.