கதவை உடைக்கிற பையன்கிட்ட என்ன பேசுறது?

ஒரு பையன் நாற்காலியைத் தூக்கி ஜன்னல் மேல அடிக்கிறான். அந்த விடுதியில இன்னிக்கு டூட்டி உங்களுக்கு. அடுத்த பத்து விநாடியில என்ன செய்வீங்க? இதுக்குன்னே இன்னிக்குப் பயிற்சி இருக்கு. அதோட கதையை ஆஸ்திரியாவுல இருந்து தொடங்கலாம்.

முதல் உலகப் போர் முடிஞ்ச சமயம். ஆகஸ்ட் ஐக்ஹார்ன்னு ஒரு ஆசிரியர், ஓபர்ஹோலாப்ரூன் ஊர்ல, காலியாக் கிடந்த அகதி முகாம் கொட்டகைகள்ல ஒரு விடுதி நடத்தினார். எந்தக் குழுவுலயும் ஒட்டாத 12 முரட்டுப் பசங்களைத் தனியா ஒரு கொட்டகையில வெச்சார். ஊழியர்களுக்கு ஒரே உத்தரவுதான்: அடிக்காதீங்க, தண்டிக்காதீங்க, யாருக்காவது காயம் படும்னா மட்டும் குறுக்க போங்க. பசங்க ஜன்னல், கதவு, மேசைன்னு ஒண்ணு விடாம நொறுக்கினாங்க. ஆனா எதிர்பார்த்த அடி வரவே இல்லை. கோபம் மெல்ல வெறும் நடிப்பாச்சு, அப்புறம் அழுகையாச்சு. இதையெல்லாம் அவர் 1925ல புத்தகமாப் போட்டப்ப, முன்னுரை எழுதினது சாட்சாத் ஃப்ராய்ட்.

வியன்னாவுல ஐக்ஹார்ன்கிட்ட கத்துக்கிட்ட ஃப்ரிட்ஸ் ரெட்ல், 1936ல அமெரிக்கா போனார். பத்து வருஷம் கழிச்சு டெட்ராய்ட்ல டேவிட் வைன்மேனோட சேர்ந்து 'பயனியர் ஹவுஸ்' தொடங்கினார். 8 முதல் 11 வயசு வரைக்கும் உள்ள ஒரு சின்னக் கூட்டம். அங்க தெளிவான ஒரு விஷயம்: திங்கட்கிழமை நடந்த சண்டையைப் பத்தி வியாழக்கிழமை டாக்டர் அறையில கேட்டா, பையன் சுத்தமா மறுத்துடுவான். நமக்குப் புரியுற மாதிரி சொன்னா, லாக் எல்லாம் அழிஞ்ச பிறகு டீபக் பண்ற வேலை அது. அதனால, சண்டை நடந்த இடத்துலயே, பக்கத்துல இருந்த ஊழியரே அப்பவே பேசணும். முதல்ல கொதிப்பு அடங்குறதுக்கு முதலுதவி. முடிஞ்சா, 'எப்பவும் இப்படித்தான் ஆகுதா?'ன்னு சேர்ந்து தோண்டுறது. டாக்டர் கையில இருந்த வேலை சாப்பாட்டுக் கூடத்துல நிக்கிறவங்க கைக்கு வந்தது இப்படித்தான். என் கணக்குல இந்தக் கதையிலேயே பெரிய திருப்பம் இதுதான்.

பணம் தீர்ந்து 1948ல வீட்டை மூடிட்டாங்க. ஊழியர்கள் விடாம எழுதி வெச்ச குறிப்புகள் ரெண்டு புத்தகமா வந்துச்சு.

1980கள்ல கார்னெல் பல்கலைக்கழகம் விடுதி ஊழியர்களுக்குன்னு நெருக்கடிப் பயிற்சி ஒண்ணை உருவாக்குச்சு. அதுல, சம்பவம் நடக்கிறப்ப ஊழியர் தன்னையே கேட்டுக்க வேண்டிய நாலு கேள்வி இருக்கு. முதல் கேள்வி பையனைப் பத்தினது இல்லை: "எனக்கு இப்ப என்ன தோணுது?" பையனுக்கு என்ன வேணும்ங்கிறதெல்லாம் அப்புறம்தான்.

இந்தக் கேள்வி எதுக்குன்னு கேக்கிறீங்களா? 1998ல ஹார்ட்ஃபோர்ட் கூரண்ட் பத்திரிகை அமெரிக்கா முழுக்கத் தேடி, அமுக்கிப் பிடிச்சதாலயோ தனியா அடைச்சதாலயோ பத்து வருஷத்துல 142 பேர் இறந்ததைப் பட்டியல் போட்டுச்சு. அதுல பிள்ளைகளும் உண்டு. ஒரு சிறுவன் விஷயத்துல தகராறு ஆரம்பிச்சதே, காலைச் சாப்பாட்டுக்கு 'வேற மேசைக்குப் போ'ன்னு சொன்னதுலதான்.

2000ல சட்டம் வந்துச்சு. மத்திய அரசுப் பணம் வாங்குற பிள்ளைகள் விடுதிகள்ல, உடனடி ஆபத்து இருந்தா மட்டும்தான் ஒரு பிள்ளையை அமுக்கிப் பிடிக்கலாம். அதையும் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினவங்கதான் செய்யணும்.