பாடசாலைகளின் பழைய இடாப்புகளைப் பாதுகாத்தல்

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் உருவாகின. அவர்கள் தாயகத்துக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் இன்று ஹார்வார்ட் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக உள்ளன. அக்காலம் தொட்டுக் கிராமங்களில் எழுந்த மிஷன் பாடசாலைகளிலும், 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்குப் பின் பெருகிய சைவப் பாடசாலைகளிலும் படித்த பிள்ளைகளின் பெயர்கள் எங்கே? எஞ்சியிருந்தால், அதிபரின் அலுமாரி அடித்தட்டில்.

சேர்வு இடாப்பு வெறும் பெயர்ப்பட்டியல் அல்ல. பிறந்த திகதி, தகப்பன் பெயர், முன்பு படித்த பாடசாலை, விலகிய நாள் எல்லாம் அதில் இருக்கும். யார் பெயர் இல்லை என்பதும் ஒரு சான்றுதான். 1920களின் இறுதியில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கும் விடயம் யாழ்ப்பாணத்தில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் எந்தப் பாடசாலையில், எந்த ஆண்டில் உள்ளே வந்தார்கள் என்று கிராமவாரியாகத் தேடுபவருக்கு இந்த இடாப்புகளை விட்டால் வேறு ஆதாரம் குறைவு.

1960–61இல் பெரும்பாலான உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1990இல் வலிகாமம் வடக்கும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தன. போரில் தப்பியவற்றைக் கறையானும் மாரி ஈரமும் அரிக்கின்றன. 'பாவனைக்குதவாதவை' என்று கழிக்கும் பழக்கம் அதைவிட மோசம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கிழிந்த தாளுக்கு செலோரேப் ஒட்ட வேண்டாம். பசை மஞ்சளாகித் தாளையே கெடுக்கும். லமினேற் செய்தால் பின்னர் பிரித்தெடுக்க முடியாது. நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரில் முட்டாமல், காற்றோட்டமான இடத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பிறகு பக்கம் விடாமல் படமெடுக்கலாம். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் இத்தகைய ஆவணங்களுக்கு நல்ல முன்னுதாரணம். ஆனால் உயிரோடிருப்பவர்களின் விபரங்கள் உள்ள இடாப்புகளை இணையத்தில் போடக்கூடாது. இருப்பவற்றின் பட்டியலில் ஒரு பிரதி பழைய மாணவர் சங்கத்திடமும் இருக்கட்டும். அதிபர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது அலுமாரிச் சாவியோடு அதையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கலாம்.