கல்கத்தாவின் கல்லூரி வாயில்கள்: 1817 முதல் 1883 வரை

1853ஆம் ஆண்டில் கல்கத்தா இந்துக் கல்லூரியில் ஒரு சிறுவன் சேர்க்கப்பட்டான். வரலாற்று நூல்கள் அவனைத் தாயின் பெயரைக்கொண்டே சுட்டுகின்றன: ஹீரா புல்புல் என்னும் கணிகையின் மகன். நகரத்தின் மேல்சாதிக் குடும்பங்கள் கொதித்தெழுந்தன. பலர் தம் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து விலக்கிக்கொண்டனர். அவ்வாண்டிலேயே இராஜேந்திர தத்தரின் முன்முயற்சியில் இந்து மெட்ரோபாலிட்டன் கல்லூரி என்றொரு போட்டி நிறுவனம் எழுந்தது. ஒரு மாணவனின் சேர்க்கை ஒரு கல்லூரியையே புதிதாகத் தோற்றுவித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் இன்ன கல்லூரியில் பயில்வது என்று மாணவன் தெரிவு செய்தான் என்பதைவிட, இன்ன மாணவனைக் கல்லூரி தெரிவு செய்தது என்பதே பொருந்தும். 1780இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் நிறுவிய மதரசா முஸ்லிம் மாணவர்க்கு அரபியும் பாரசீகமும் சட்டமும் கற்பித்தது. 1817 ஜனவரி 20 அன்று இருபது மாணவர்களோடு தொடங்கிய இந்துக் கல்லூரி, ‘மதிப்புக்குரிய’ இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அந்த அடைமொழியின் பொருள் என்ன என்பதுதான் 1853இல் எழுந்த வழக்கு. 1824இல் தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரியிலோ பிராமணரும் வைத்தியரும் அன்றிப் பிறர்க்கு இடமில்லை. அது தோன்றுமுன்பே, 1823 டிசம்பரில், இராம்மோகன் ராய் ஆளுநர் ஆம்ஹர்ஸ்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், அரசின் பணம் இலக்கண நுட்பங்களுக்கன்றிக் கணிதம், வேதியியல், உடற்கூற்றியல் போன்ற துறைகளுக்கே செலவிடப்பட வேண்டும் என்று வாதிட்டிருந்தார். கடிதம் பயன் தரவில்லை.

இதிலொரு விந்தையும் உண்டு. சில ஆண்டுகளில் சமஸ்கிருதக் கல்லூரியும் இந்துக் கல்லூரியும் கோல்தீகி குளக்கரையில் ஒரே கட்டட வளாகத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒரு பகுதியில் வியாகரணமும் நியாயமும். அடுத்த பகுதியில் ஷேக்ஸ்பியரும், 1831இல் வெளியேற நேரும்வரை டெரோசியோவும். சமஸ்கிருதம் பயின்ற ஏழைப் பிராமணச் சிறுவனுக்கு உதவித்தொகை கிடைத்தது; ஆங்கிலம் பயின்றவன் கட்டணம் செலுத்தினான். 1837க்குப் பின் நீதிமன்றங்களில் பாரசீகம் தன் இடத்தை இழக்கத் தொடங்கிய காலத்தில், உதவித்தொகையோடு வந்த கல்விக்கு உத்தியோகச் சந்தையில் மதிப்புக் குறைவு என்பதைப் பெற்றோர் விரைவிலேயே உணர்ந்தனர்.

கட்டணமின்றி ஆங்கிலம் பயில மூன்றாவது வழியொன்று 1830இல் திறந்தது. அலெக்சாண்டர் டஃப் நிறுவிய மிஷன் கல்விக்கூடம், பிற்காலத்து ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி, விவிலியத்தையும் சேர்த்தே கற்பித்தது. மதமாற்ற அச்சம் ஒருபுறம், கட்டணச் சுமை மறுபுறம் என்று நடுத்தரக் குடும்பங்கள் ஊசலாடின. அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் பெரிதும் பேசப்பட்ட மதமாற்றங்களுள் ஒன்று மிஷன் பள்ளியில் நிகழவில்லை. இந்துக் கல்லூரியில்தான் நிகழ்ந்தது. 1843இல் கிறித்துவரான மதுசூதன் தத்தர் அக்கல்லூரியில் தொடர இயலாமல் பிஷப் கல்லூரிக்குச் சென்றார்; 1848இல் சென்னைக்கு வந்து ஆசிரியப் பணியில் அமர்ந்தார்.

சமஸ்கிருதக் கல்லூரியின் வேலியை உள்ளிருந்தே தளர்த்தியவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். 1851இல் அதன் முதல்வரானபின் முதலில் காயஸ்தர்களையும், அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய ‘மதிப்புக்குரிய’ இந்துச் சாதியினரையும் அனுமதித்தார். அந்த அடைமொழி இங்கும் விடவில்லை. இந்துக் கல்லூரி 1855இல் அரசின் பிரசிடென்சி கல்லூரியாக மாறி, எச்சமயத்தவர்க்கும் திறந்தது. ஹீரா புல்புலின் மகனைத் தடுக்கத் தோன்றிய போட்டிக் கல்லூரியோ சில ஆண்டுகளே நிலைத்தது.

1857 ஜனவரி 24 அன்று பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. புதிய பல்கலைக்கழகம் வகுப்பெடுக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் அளித்தது. அதனால் கல்லூரிகளுக்கிடையிலிருந்த வேறுபாடு ஒருவகையில் சுருங்கியது: எவ்வாயில் வழியே நுழைந்தாலும் வினாத்தாள் ஒன்றே. 1858இல் முதல் பி.ஏ. பட்டம் பெற்றவர் இருவர். பங்கிம் சந்திரர் அவருள் ஒருவர். வித்யாசாகரின் மெட்ரோபாலிட்டன் நிறுவனம் 1872இல் கல்லூரி நிலை பெற்றபோது, அரசும் மிஷனும் அல்லாத, இந்தியரே நடத்தும் கல்லூரியும் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்ய இயலும் என்பது உறுதியாயிற்று. சிட்டி கல்லூரி, ரிப்பன் கல்லூரி எனப் பின்னர் வந்தவை அவ்வழியே நடந்தன.

பெண்களுக்கு இத்தெரிவுகள் எவையும் இல்லை. 1849இல் பெத்யூன் தொடங்கிய பெண்கள் பள்ளி இந்துச் சிறுமியர்க்கே உரியது. கிறித்துவரான சந்திரமுகி பாசுவுக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை. டஃப் வழிவந்த ஃப்ரீ சர்ச் நிறுவனத்திலிருந்தே எஃப்.ஏ. தேர்வுக்குப் பயின்றார். பி.ஏ. வகுப்பு தொடங்கியபோதுதான் பெத்யூன் நிறுவனம் பிற சமயத்தவர்க்கும் திறந்தது. 1883இல் அவரும் காதம்பினி பாசுவும் பட்டம் பெற்றனர். காதம்பினி மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். சந்திரமுகி எம்.ஏ. முடித்து, முன்பு தம்மைச் சேர்க்காத பெத்யூனிலேயே ஆசிரியராகி, பின்னர் அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றார்.