ஃபான்ஜோ ஆய்வரங்கு: பகைவர் ஏட்டில் கேட்ட குரல்கள்

தென் பிரான்சில், கார்கசோனுக்கு மேற்கே ஒரு குன்றின்மீது அமைந்த சிற்றூர் ஃபான்ஜோ. வரலாற்று அறிஞர்கள் 1965 முதல் ஜூலை மாதங்களில் இங்கே கூடித் தங்கி, இடைக்கால லாங்தோக் வட்டாரத்தின் சமய வாழ்வை ஆராய்ந்து வருகிறார்கள். தோமினிக் சபைத் துறவி மரி-ஊம்பேர் விக்கேரும், திருச்சபை வரலாற்றறிஞர் எத்தியென் தெலாருயெல்லும் இதற்கு வித்திட்டவர்கள்.

இடத்தை நன்றாகவே தேர்ந்தார்கள். 1204இல் ஃபுவா பிரபுவின் சகோதரி எஸ்கிளார்மோந்த், கத்தோலிக்கத் திருச்சபை மறுகொள்கை என்று விலக்கிய காதார் சமயத்தின் தலைவர்களுள் ஒருவரான கிலாபேர் தெ காஸ்த்ரிடம் கைவைப்புத் திருச்சடங்கான கொன்சொலமென்ட்டம் பெற்றது இதே ஊரில்தான். இரண்டே ஆண்டுகளில், தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் என்று போற்றும் புனித தோமினிக் இப்பகுதிக்கு வந்தார்; குன்றின் அடிவாரத்தில் ப்ரூய் மடம் எழுந்தது. புலாலும் முட்டையும் பாலும் விலக்கி, சத்தியம் செய்ய மறுத்து வாழ்ந்த, ‘நல்ல மனிதர்’ எனப்பட்ட காதார் துறவியரும் அவர்களை மனம் மாற்ற வந்தவரும் நடந்தது ஒரே தெருவில். வாதம் வெகுநாள் வாதமாக நிற்கவில்லை. 1209இல் காதார்களுக்கு எதிரான சிலுவைப்போர்ப் படை பெசியே நகரில் புகுந்தது. 1244 மார்ச்சில் காதார்களின் புகலிடமான மோன்செகூர் கோட்டை பணிந்தபோது, கொள்கையைக் கைவிட மறுத்த இருநூறுக்கும் மேற்பட்டோர் தீக்கிரையானார்கள்.

அரங்கு வெளியிடும் கட்டுரைத் தொகுதிகளில் முதலாவது 1966இல் தோமினிக்கைப் பற்றி வந்தது. காதார்களின் முறை 1968இல், மூன்றாம் தொகுதியில். அன்று அவர்கள் பெரிதும் கற்பனையின் கையில் சிக்கியிருந்தார்கள். மோன்செகூரில், இயேசுவின் இறுதி விருந்தோடு தொடர்புபடுத்தப்படும் புனிதக் கிண்ணம் ஒளித்து வைக்கப்பட்டது என்ற கதைக்கு 1933இல் ஓட்டோ ரான் எழுதிய நூல் உரமிட்டிருந்தது. இந்தப் புனைவுகள் எப்படிப் பிறந்து வளர்ந்தன என்பதையே ஆய்வுப்பொருளாக்கி ழான்-லூயி பிஜே எழுதிய கட்டுரை 1979ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்றது. அரங்கின் மிகத் துணிவான பணிகளுள் ஒன்றாக அதைக் கருதுகிறேன்.

கதைகளை விலக்கினால் எஞ்சுவது பெரும்பாலும் திருச்சபையின் சமய விசாரணை (இன்குவிசிஷன்) ஏடுகள். துலூஸ் நூலகத்தின் 609ஆம் எண் கையெழுத்துப் படியில், 1245–46இல் தோமினிக் சபை விசாரணையாளர்கள் பெர்னார் தெ கோவும் ழான் தெ சேன்-பியேரும் விசாரித்த 5,000க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்கள் உள்ளன. ஃபான்ஜோ மக்களும் அவற்றில் பேசுகிறார்கள். யார் வீட்டில் ‘நல்ல பெண்கள்’ எனப்பட்ட காதார் துறவிப் பெண்கள் தங்கினார்கள், யார் அவர்கள் முன் மண்டியிட்டார்கள், யார் அவர்கள் ஆசி கூறிய அப்பத்தை உண்டார்கள் என்ற கேள்விகளுக்கு அச்சத்தோடு சொன்ன பதில்கள் அவை. கேட்டவர் அதிகாரி, எழுதியவர் அவருடைய எழுத்தர், மொழியோ இலத்தீன். இத்தனை திரைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குடியானவப் பெண்ணின் சொல்லைப் பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்கு இவ்வரங்கு நிலையான இருப்பிடம் தந்தது. கொன்றவர் தரப்பில் வந்த சபையைச் சேர்ந்த துறவி விக்கேர், கொல்லப்பட்டவர்களின் நம்பிக்கையை நேர்மையோடு ஆராயக் களம் அமைத்தார் என்பது என்னை இன்றும் நெகிழ வைக்கிறது.

கருத்து வேறுபாடுகளை அரங்கு மூடி மறைக்கவில்லை. காதார்கள் ஆயர்களும் சடங்குகளும் கொண்ட தனித் திருச்சபையாக இயங்கினார்களா, விசாரணையாளர்களே அப்படி ஓர் உருவத்தைக் கட்டினார்களா என்று அறிஞர்கள் கடுமையாகப் பிளவுபட்டபோது, இரு தரப்பும் இங்கே எதிரெதிரே அமர்ந்தன. அதன் விளைவே 2020இல் வெளிவந்த 55ஆம் தொகுதி.

மோன்செகூர் ஏறிப் பார்க்க விரும்பும் அன்பர்கள் வழியில் ஃபான்ஜோவுக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். புறப்படுமுன் இத்தொகுதிகளில் ஒன்றையேனும் படித்துவிட வேண்டும்.