பழைய இசைத்தட்டுப் பதிவுகளும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் தேர்வும்: சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையை முன்வைத்து

சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975) புங்கனூரில் பிறந்தவர். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் மாணவர். 1954-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். லயக் கணக்கில் பெரும் புகழ் பெற்ற நயினாப் பிள்ளையின் பாட்டு இசைத்தட்டில் பதிவாகவில்லை. எனவே அப்பாணியைக் காதால் அறிய மாணவர் பாடிய 78 சுழற்சித் தட்டுகள் முதன்மைச் சான்றாகின்றன. இன்று அவை எண்மக் கோப்புகளாகி, சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் செல்லும் இசை மாணவரின் கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டன. அவற்றைச் செம்மையாகக் கேட்கக் கையடக்க ஆம்ப்ளிஃபையர் வேண்டுமா? வேண்டுமெனில் எதைக் கொண்டு தேர்வது? விலையும் வாட் கணக்கும் அளவுகோல் ஆகா. ஹெட்போனின் தேவையும் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறிப்புமே அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தேவையைக் கணக்கிடுவோம். 32 ஓம் மின்மறிப்பும், ஒரு மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் உணர்திறனும் உள்ள இயர்போன், கணநேர உச்சமாக 110 டெசிபல் தர 0.18 வோல்ட் போதும். 250 ஓமும் 96 டெசிபலும் உள்ள பெரிய ஹெட்போனுக்கோ அதே உச்சத்துக்கு 25 மில்லிவாட், அதாவது 2.5 வோல்ட் வேண்டும். கைப்பேசியில் செருகும் சிறு டாங்கிள்கள் பலவும் தருவது 1 வோல்ட் அளவே. அதில் இந்த ஹெட்போன் 102 டெசிபலோடு நின்றுவிடும்.

அப்படியானால் பெரிய ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபையர் கட்டாயம் என்று முடிவுகட்டிவிடலாமா? கேட்கும் பதிவையும் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் 78 தட்டில் மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடைவெளி குறுகியது. மெல்லொலி தட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும். அதற்கு 102 டெசிபல் உச்சம் தாராளம். திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'பாலாஜி பஞ்சரத்னமாலை' போன்ற எல்.பி. காலப் பதிவுகளில் அந்த இடைவெளி விரிந்தது. அங்கே கூடுதல் வோல்ட்டுக்குப் பயன் உண்டு.

வெளியீட்டு மின்மறிப்போ எல்லாப் பதிவுகளையும் பாதிக்கும். அதிர்வெண்ணுக்கு ஏற்ப 8 ஓமுக்கும் 40 ஓமுக்கும் இடையே மின்மறிப்பு மாறும் ஓர் இயர்போனை 10 ஓம் வெளியீட்டு மின்மறிப்புள்ள கருவியில் செருகினால், ஒலிப்பட்டையின் ஒரு பகுதி மற்றதைவிட ஏறத்தாழ 5 டெசிபல் தாழும். அரை ஓம் கருவியில் இவ்வேறுபாடு அரை டெசிபலுக்கும் குறைவு. 1925-இல் தொடங்கிய மின்முறைப் பதிவின் ஆரம்பத் தட்டுகள் ஏறத்தாழ 100 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையே ஏந்தின. அக்குறுகிய பட்டைக்குள்தான் பாடகரின் குரல், வயலின், மிருதங்கத்தின் வலந்தலை எல்லாம் நெருங்கி நிற்கின்றன. அங்கே 5 டெசிபல் பிசகினால் குரலுக்கும் மிருதங்கத்துக்கும் இடையிலான சமநிலை மாறும். ஸ்வரக் கணக்கு எங்கே எடுப்பில் (பாடலடி தொடங்கும் தாள இடத்தில்) வந்து விழுகிறது என்று உற்றுக் கேட்பவருக்கு அது பேரிழப்பு.

"ஆற்றல் மிகுதியாக இருந்தால் தீங்கென்ன?" என்பர். தீங்கு உண்டு. மிகைப் பெருக்கமுள்ள கருவி, உணர்திறன் மிக்க இயர்போனில் தன் சொந்த இரைச்சலையும் சேர்க்கும்; தட்டின் தேய்மான ஒலியோடு அதுவும் கலக்கும். பேருந்து இரைச்சலை ஒலி கூட்டி வெல்ல முயல்வதும் தவறு. காதை நன்கு அடைக்கும் இயர்போனே அதற்கு வழி. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபலே பாதுகாப்பான வரம்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே தேர்வின் வரிசை இது: முதலில் ஹெட்போனின் ஓமும் உணர்திறனும்; அடுத்து அதன் மிகக் குறைந்த மின்மறிப்பில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாத வெளியீட்டு மின்மறிப்பு; பிறகு இரைச்சலின்மை; கடைசியாகவே வாட். தட்டில் பதியாத எதையும் எந்த ஆம்ப்ளிஃபையரும் தந்துவிடாது. பதிந்ததைக் குலைக்காமல் காதுக்குச் சேர்ப்பதே நல்ல கருவியின் இலக்கணம்.